கயாக் ஏற்ற, கூடாரம் போட எந்த வண்டி? காரைக்குடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதலில் வண்டியை வாங்கினேன், அப்புறம்தான் கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லிப் படகை, வாங்கினேன். வரிசையே தப்பு. வண்டி பெரிய எஸ்யூவி. கூரை என் தலைக்கு மேலே ஒரு சாண். காரைக்குடியில் வீட்டு வாசலில் தம்பியும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஏற்றியபோது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை தொண்டிப் பக்கம் தனியாகப் போனேன். மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து, 27 கிலோ பிளாஸ்டிக்கைத் தலைக்கு மேல் தூக்கப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியில் கயாக்கோடு சேர்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். "காலையில இருந்த தெம்பு சாயங்காலம் இருக்குமாண்ணே? இவ்வளவு ஒசரத்துல வச்சா எப்படி?" என்றார்.

குதிரைத்திறன், சன்ரூஃப், திரை அளவு எல்லாம் ஷோரூம்காரரே சொல்லிவிடுவார். களைத்துப்போன ஓர் ஆள் ஈரக் கையோடு தனியாக ஏற்றி இறக்க முடிகிற வண்டி எது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படி 1: கயாக்கை முடிவு செய்யுங்கள்

வண்டியைப் பார்க்கும் முன் கயாக்கின் நீளமும் எடையும் கையில் இருக்க வேண்டும். கண்மாய், கழிமுகம், அலையாத்திக் கால்வாய் இவற்றுக்குப் பெரும்பாலோர் வாங்குவது மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. ஒருவர் ஓட்டுவது சுமார் 10 அடி, 22 முதல் 28 கிலோ. இருவர் ஓட்டுவது 12, 13 அடி; 30 கிலோவுக்கு மேல்தான் இருக்கும். நீண்ட தூரக் கடல் கயாக் 14 அடியில் தொடங்கி 17 அடி வரை போகும். அதை வாங்கினால் சின்னக் கார்களை அப்போதே மறந்துவிடலாம்.

காற்றடிக்கும் கயாக் 10 முதல் 16 கிலோ. சுருட்டி டிக்கியில் போட்டுவிடலாம், கேரியரே வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் எது? காய்ந்த முள் தண்ணீர் ஓரம் வரை சிதறிக் கிடக்கும். டயரையே பஞ்சராக்கும் முள் காற்றுப் பையை விட்டுவைக்குமா? வாங்குவதென்றால் அடியில் விரிக்க ஒரு தடித்த தார்பாயையும், ஒட்டுப்போடும் சாமானையும் சேர்த்தே வாங்குங்கள். ஹோண்டா சிட்டியோ டிசையரோ ஏற்கெனவே வீட்டில் இருந்து, வருஷத்துக்கு நாலு தடவைதான் போவீர்கள் என்றால், புது வண்டிக்குப் பணம் போடாமல் இப்படிச் சமாளிப்பதே புத்திசாலித்தனம்.

படி 2: தண்ணீர் வரை போகும் பாதையைப் பாருங்கள்

செட்டிநாட்டில் இருப்பவருக்குத் தண்ணீர் மூன்று வகை.

ஒன்று, மழைக்குப் பின் நிறையும் கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் கார்த்திகை, மார்கழியில் கலுங்கு தாண்டி ஓடும். பங்குனி, சித்திரையில் பல கண்மாய்களில் மாடு மேயும். கரைமேல் ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் செம்மண் தடம் இருக்கும், எதிரே டிராக்டர் வந்தால் பின்னாலேயே போக வேண்டியதுதான். அகலம் குறைந்த, எளிதில் திரும்பக்கூடிய வண்டிக்கு இங்கே மதிப்பு. கண்மாயில் மீன்பாசிக் குத்தகை இருக்கும், ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஊருணியில் மட்டும் இறங்கவே கூடாது. அது குடிதண்ணீர். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமும் அப்படித்தான். தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் பறவைகளைக் காப்பாற்றும் ஊர்க்காரர்கள் அவர்கள்.

இரண்டு, பாக் நீரிணைக் கரை. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காரங்காடு அலையாத்திக் காடு, வடக்கே போனால் மீமிசல், மணமேல்குடி. தார்ச்சாலை எல்லாம் நன்றாக இருக்கிறது. சிக்கல் கடைசி 300 மீட்டரில்தான்: மணல், அல்லது மேலே காய்ந்து உள்ளே கூழாக இருக்கும் உப்புக் களிமண். மணலில் டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாகப் போனால் முன்சக்கர இழுவை வண்டிகூட ஓரளவு போய்விடும். களிமண்ணில் எந்த வண்டியையும் நம்பாதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் மாட்டுவீர்கள், அவ்வளவுதான்.

இதற்கு நான் கண்ட வழி, கயாக்குக்கு ஒரு தள்ளுவண்டி. இரண்டு சக்கரம் வைத்த சின்னச் சட்டம். வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு கயாக்கை உருட்டிக்கொண்டு போகலாம். ஃபோர் வீல் டிரைவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்களைப் பாதிப் பேருக்கு இதுவே மிச்சம் பிடித்துக் கொடுத்துவிடும்.

மூன்று, தூரத்துத் தண்ணீர். பிச்சாவரம், கொல்லத்துப் பக்கம் மன்றோத் தீவு. நாள் முழுக்க ஓட்ட வேண்டும், செங்கோட்டை தாண்டினால் மலை ஏற வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை போவதை வைத்து வண்டியைத் தேர்வு செய்யாதீர்கள். மாதம் இரண்டு தடவை எங்கே போவீர்கள் என்பதுதான் கணக்கு.

படி 3: கூரைக் கணக்கு

நிறையப் பேர் ஏமாறும் இடம் இது, நானும் ஏமாந்தேன். நம் ஊரில் விற்கும் பல கார்களின் கூரையில் நீளவாக்கில் இருக்கும் ரெயில் கம்பி அழகுக்கு ஒட்டியது. பிடித்து இழுத்தால் கையோடு வராது. ஆனால் அதில் பளு ஏற்றினால் வரும். பளு தாங்கும் ரெயிலா என்பதை விற்பனையாளர் வாயால் கேட்டு முடிவு செய்யக் கூடாது. வண்டியோடு வரும் கையேட்டில் கூரைச் சுமை எத்தனை கிலோ என்று அச்சில் இருக்கிறதா பாருங்கள். ரெனோ ட்ரைபர் தன் ரெயிலுக்கு 50 கிலோ என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எண்ணே சொல்லாத வண்டியென்றால் கூரையில் சுமை ஏற்ற வடிவமைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் ஓடும் வண்டிக்கானது. நின்ற வண்டியின் கூரை இன்னும் நிறையத் தாங்கும். ஓடும்போது பிரேக், வளைவு, எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து ரெயிலைப் பிடுங்கும். சரி, 50 கிலோ என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். குறுக்குச் சட்டம் இரண்டும் சேர்ந்து 6 கிலோ. கயாக்கைப் பக்கவாட்டில் நிறுத்தும் தாங்கிகள் 4 கிலோ. கயாக் 27. மொத்தம் 37. மிச்சம் 13 கிலோ. இரண்டாவது கயாக்குக்கு இடமில்லை. 34 கிலோ எடையுள்ள இருவர் கயாக் என்றால் 44. ஏற்றலாம், ஆனால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டாமல் ஏற்றினால் எல்லை தாண்டிவிடும். துடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் வண்டிக்குள்ளேதான் வர வேண்டும்.

அடுத்து, இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு இடையே உள்ள தூரம். கயாக்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அருமை. 10 அடிக்கு ஒரு மீட்டர். 70 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முனைகள் ஆடிக்கொண்டே வரும். குட்டிக் கார்களும் மஹிந்திராவின் மூன்று கதவு தாரும் இங்கேதான் அடிபடுகின்றன. துணிக்கூரைத் தாரில் கேரியர் என்ற பேச்சே கிடையாது.

அம்பாசிடர் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கூரை ஓரம் மழைத்தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் இருக்கும். கேரியரின் கால்களை அதில் மாட்டி முடுக்கினால் கல்யாணச் சீர் சாமான் பாதி அதன் மேலேயே போகும். மாருதி ஆம்னி வேனிலும் அதுதான். இப்போது புது வண்டிகளில் அந்த வாய்க்கால் மாருதி ஜிம்னியில் இருக்கிறது. கேரியர் மாட்ட அதைவிடச் சுலபமான கூரை இல்லை.

கடைசியாக உயரம். வாசல்படியில் ஏறாமல், தரையில் நின்று, கூரையின் நடுவை உள்ளங்கையால் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்குத் தனியாக ஏற்ற உதவாது. ட்ரைபர் சுமார் 1.64 மீட்டர், எர்டிகா 1.69, இன்னோவா க்ரிஸ்டா 1.8 பக்கம், ஸ்கார்பியோ-என், பொலேரோ இரண்டும் 1.85க்கு மேல். எர்டிகாவுக்கும் ஸ்கார்பியோவுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சாண்தான். அந்த ஒரு சாணில்தான் நான் மணலில் உட்கார்ந்தேன்.

படி 4: வகை வகையாக

ட்ரைபர் 4 மீட்டருக்குள் அடங்கும், மூன்றாவது வரிசை இருக்கையை முழுக்கக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் இடம். ஓர் ஆள் அல்லது ஒரு தம்பதி, ஒரு கயாக், இரண்டு நாள் முகாம் என்றால் இதற்கு மேல் எதற்கு என்று எனக்குத் தோன்றும். எஞ்சின் சின்னது, முழுச் சுமையோடு மலை ஏறும்போது பொறுமை வேண்டும்.

எர்டிகா 4.4 மீட்டர் நீளம். 12 அடிக் கயாக் இதன் மேல் இரு முனையிலும் நீட்டாமல் உட்காரும், பின்னிருக்கைகளை மடக்கினால் படுக்கவும் ஆகும். பளு தாங்கும் ரெயிலோடு வருவதில்லை, கதவுச் சட்டத்தில் பிடிக்கும் நல்ல குறுக்குச் சட்டம் தேடி வாங்க வேண்டும். சி.என்.ஜி. வகையை மட்டும் தவிருங்கள். சிலிண்டர் உட்காரும் இடத்தில்தான் உங்கள் கூடாரமும் அடுப்பும் போயாக வேண்டும்.

பொலேரோ சட்டத்தின் மேல் கட்டிய வண்டி, பின்சக்கர இழுவை, எந்தப் பட்டறையிலும் பார்ப்பார்கள். கிராமத்துச் சாலைக்கு ராஜா. உயரம்தான் பாதகம். இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே போவீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். இன்னோவாவும் அப்படியே, குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சௌகரியம்.

பிக்கப் ஆசை நிறையப் பேருக்கு உண்டு. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் 5.3 மீட்டர் நீளம். நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பின்தொட்டி 5 அடிதான். 10 அடிக் கயாக்கைப் போட்டால் பாதி வெளியே. தொட்டிக்கு மேல் சட்டம் அடித்து, கேபின் கூரையோடு சேர்த்துத்தான் வைக்க முடியும், மறுபடியும் உயரம். ஈரச் சாமானை, சேற்றுச் செருப்பைப் பின்னால் வீசிவிட்டு வருவது மட்டும் தனி சுகம், அதை ஒப்புக்கொள்கிறேன். காரைக்குடியில் பழைய தெருக்களில் இதை நிறுத்த இடம் தேடும்போது அந்தச் சுகம் போய்விடும்.

மாருதி ஈகோ வேனைக் கேலி செய்பவர்கள் செய்யட்டும். பெட்டி மாதிரி உள்ளிடம், பக்கவாட்டில் நகரும் கதவு, பின்சக்கர இழுவை. காற்றடிக்கும் கயாக் வைத்திருப்பவருக்குக் குறைந்த செலவில் இதைவிட நல்ல முகாம் வண்டி கிடையாது.

படி 5: இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள்

கூரைக் கூடாரம் பார்க்க அழகாக இருக்கும். 50 கிலோவுக்கு மேல் எடை வரும். அதுவும் கயாக்கும் ஒரே கூரையில் சின்ன வண்டிக்கு ஆகாது. கயாக்குக்காக வண்டி வாங்குபவர் தரைக்கூடாரத்தோடு நின்றுகொள்வது நல்லது.

வண்டிக்குள் படுப்பதென்றால் வாங்கும் முன் ஷோரூமிலேயே இருக்கையை மடக்கிப் படுத்துப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். மடக்கிய இருக்கைக்கும் டிக்கித் தளத்துக்கும் நாலு விரல் மேடு பள்ளம் இருந்தால் முதுகு ராத்திரி முழுக்கச் சொல்லும். பிளைவுட் பலகை ஒன்று வெட்டிப் போட்டால் சரியாகும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக் கொசுவலைத் துணியைக் காந்தத்தால் ஒட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு மூடிய வண்டியில் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

இன்னொன்று. கயாக் கூரையில் இருக்கும்போது பின்கதவு முழுசாகத் திறக்காது, கயாக்கின் வாலில் இடிக்கும். அதனால் முகாம் சாமானை முதலில் அடுக்கிவிட்டு, பிறகு கயாக் ஏற்றுங்கள். தேநீர்ப் பாத்திரம், முதலுதவிப் பெட்டி இரண்டும் பக்கக் கதவு வழியாகக் கைக்கு எட்ட வேண்டும்.

கடற்கரையில் தங்குவதென்றால் மீனவக் கிராமத்தில் ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டு, கடலோரப் போலீசாருக்கும் தகவல் கொடுங்கள். இலங்கை பக்கத்தில் இருப்பதால் அங்கே கண்காணிப்பு எப்போதும் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். கரையில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், திரும்பி வரத்தான் முடியாது.

படி 6: கேரியரும் கட்டும்

பட்டறையில் கேரியர் அடிப்பதற்கு நான் எதிரி இல்லை, நம் ஊரில் நல்ல கை வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூரையில் ஓட்டை போடவிடாதீர்கள். என் வண்டியில் ஒரு பட்டறையில் நான்கு போல்ட் இறக்கினார்கள். ஐப்பசி மழையில் கூரைத் துணி நனைந்து, ஒரு மாதம் வண்டிக்குள் பூஞ்சை வாடை. கழற்றி மாட்டக்கூடிய குறுக்குச் சட்டம் போதும்.

ஏற்றும் முறை இது. வண்டியின் பின் விளிம்பில் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். கயாக்கின் மூக்கை அதில் சாய்த்து வையுங்கள். பிறகு வாலைத் தூக்கி முன்னால் தள்ளுங்கள். ஒரே நேரத்தில் முழு எடையைத் தூக்குவதில்லை, பாதியைத்தான் தூக்குகிறீர்கள். பின்பக்க ஸ்பாய்லரும் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவும் இருக்கும் வண்டியில் இந்த வித்தை பலிக்காது. அங்கே பக்கவாட்டில் ஏற்ற வேண்டும். வாங்கும்போதே கூரையின் பின்முனையை எட்டிப் பாருங்கள்.

கவிழ்த்து வைப்பதே எளிது, மழைத் தண்ணீரும் தேங்காது. கட்டுவதற்குப் பக்கிளில் இழுத்துப் பிடிக்கும் சாதாரணப் பட்டை போதும். லாரிக்காரர்கள் போடும் ராட்செட் பட்டை வேண்டாம். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கும்போது அதை இரண்டு சொடுக்கு அதிகமாக இறுக்கினால் அடிப்பகுதி பள்ளம் விழும். அதே காரணத்தால் வீட்டுக்கு வந்ததும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் 'ர்ர்ர்' என்று அலறாது. மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் ஒவ்வொரு கயிறு பம்பருக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கிக்குப் போக வேண்டும். பத்து கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். முதல் டீயும் அங்கேதான்.

வேகம் 80 தாண்ட வேண்டாம். என் வண்டி லிட்டருக்கு 18 கொடுப்பது, கயாக் மேலே இருந்தால் 15தான். பேட்டரி வண்டிக்காரர்கள் இந்தக் காற்றுத் தடையை ரேஞ்சில் கழித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கயாக்கோடு மொத்த உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டு வளைவு வாசலை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். கயாக்கைச் சாய்த்து நிறுத்திய அன்று அது நினைவுக்கு வரவில்லை. சுண்ணாம்புப் பூச்சில் ஒரு முழ நீளக் கோடு இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "தம்பி, தோணியைத் தண்ணியிலதானப்பா விடணும்?" என்றார்.

படி 7: சட்டம், சுருக்கமாக

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 (1ஏ) பிரிவில், சுமை வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டினாலோ, முன்னால், பின்னால், உயரத்தில் அனுமதித்த அளவை மீறினாலோ அபராதம் 20,000 ரூபாய். இறக்கும் செலவும் நம்முடையது. அதனால் நீளமான கயாக், குட்டி வண்டி என்ற ஜோடியே வேண்டாம். பின்முனையில் சிவப்புத் துணி கட்டுவது நல்ல பழக்கம், அபராதத்துக்குக் கவசம் கிடையாது. வண்டியின் கட்டமைப்பையே மாற்றும் வேலைகள் 52ஆம் பிரிவில் மாட்டும், இன்சூரன்ஸ்காரரும் அதைக் காரணம் காட்டுவார்.

படி 8: செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

பெரும்பாலோர் இதைத்தான் வாங்குவோம். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரம் ஓடிய வண்டி என்றால் மேலே பளபளப்பைப் பார்க்காதீர்கள். பட்டறையில் லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். பிரேக் குழாய், சைலன்சர் இணைப்பு, சட்டத்தின் உள்மூலை. சாவியால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்று கேட்டால், செதில் உதிர்ந்தால், திரும்பி வந்துவிடுங்கள். கூரையில் கேரியர் இருந்த அடையாளம் உண்டா, அந்த இடத்தில் உள்துணி கறை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் வண்டியும் அந்த நிலைக்கு வராமல் இருக்க, கடலுக்குப் போன ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ வாட்டர் சர்வீஸில் நிறுத்துங்கள். வழக்கமான ஃபுல் வாஷ் வேண்டாம், "அடிக்கு மட்டும் நல்ல தண்ணியா அடிங்க தம்பி" என்று சொல்லுங்கள். சக்கர வளைவுகளுக்குள்ளும் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கேரியர் நட்டுகளைக் கழுவி, துடைத்து, ஒரு விரல் கிரீஸ் தடவிவிடலாம்.